பள்ளியில் வீடியோ எடுக்கவும், வீடியோவைக் கேள்வி கேட்கவும் சொல்லிக்கொடுப்பது எப்படி?

பள்ளியில் வீடியோ வகுப்பு தொடங்கப்போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த கேமரா வாங்கலாம்?" என்பதுதான். எதுவும் வாங்க வேண்டாம். ஒழுங்காக வேலை செய்யும் ஸ்மார்ட்ஃபோன் இரண்டு, ஒரு கம்ப்யூட்டர், எல்லோரும் சேர்ந்து பார்க்க ஒரு திரை, இவ்வளவு இருந்தால் கீழே வரும் எல்லாவற்றையும் செய்துவிடலாம். கேமராவை விட முதலில் முடிவு செய்ய வேண்டியது, இந்த வகுப்பை எதற்காக நடத்தப்போகிறீர்கள் என்பது.

பல இடங்களில் இது இரண்டு தனித்தனி வேலையாக நடக்கிறது. பொய்ச் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருவர் ஸ்லைடு போட்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவார். இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர் ஆசிரியர் எடிட்டிங் சொல்லிக்கொடுத்து ஒரு குறும்படம் எடுக்க வைப்பார். முதலாவது அறிவுரை, பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள், மறந்தும்விடுவார்கள். இரண்டாவதில் எந்த பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று கற்றுக்கொள்வார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. இரண்டையும் ஒரே வகுப்பாக்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஒரு பேட்டியை வெட்டி ஒட்டி, பேசியவர் சொல்லாததைச் சொன்ன மாதிரி தன் கையாலேயே ஆக்கிப் பார்த்த பிள்ளைக்கு, அடுத்த முறை ஃபோனில் 20 விநாடித் துண்டு ஒன்று வரும்போது "இதுக்கு முன்னாடி அவர் என்ன பேசினார்?" என்ற கேள்வி தானாக எழும். அந்தக் கேள்வியை எந்த ஸ்லைடாலும் வரவழைக்க முடியாது.

11 வயதிலிருந்து 15 வயதுவரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சின்னப் பிள்ளைகளோடும் செய்யலாம், எடிட்டிங் பகுதியை மட்டும் நீங்கள் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டியிருக்கும்.

அனுமதி, ஆட்கள், நேரம்

சலிப்பான வேலைதான், ஆனால் இது முடியாமல் ஒரு ஷாட்கூட எடுக்காதீர்கள். பெற்றோரிடம் "வீடியோ எடுக்கச் சம்மதம்" என்ற ஒற்றை வரிக்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது போதாது. அதை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: என் பிள்ளையைப் படம் எடுக்கலாமா, அதைப் பள்ளிக்குள் போட்டுக் காட்டலாமா, இணையத்தில் ஏற்றலாமா. முதல் இரண்டுக்குச் சரி சொல்பவர் மூன்றாவதுக்கு வேண்டாம் என்பது சகஜம், நியாயமும்கூட. அப்புறம் பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள், அப்பா அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டதால் மட்டும் ஒரு பிள்ளை கேமரா முன்னால் நின்றே ஆகவேண்டும் என்றில்லை. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில், தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை 12-ஆவது பிரிவிலும், அந்தரங்கத்துக்கான உரிமை 16-ஆவது பிரிவிலும் இருக்கின்றன. இரண்டையும் வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். இன்றைக்கு அனுமதி கொடுக்கும் இவர்கள்தான் நாளைக்கு கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொருவரிடம் அனுமதி கேட்கப்போகிறார்கள்.

முகம் காட்ட விரும்பாத பிள்ளைக்கு ஒலிப்பதிவு, குரல், எடிட்டிங் என்று முக்கியமான வேலைகளே நிறைய இருக்கின்றன. அவரை ஓரமாக உட்கார வைத்து "நீ பார்த்துக்கிட்டு இரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சட்டையில் இருக்கும் பெயர்ப்பட்டை, பின்னால் தெரியும் பள்ளிப் பலகை, வண்டி எண் எல்லாம் ஒரு பிள்ளை எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும், ஷாட் எடுப்பதற்கு முன்னால் இவற்றைத் தேடிப் பார்ப்பதையே ஒரு பழக்கமாக்கிவிடலாம். இன்னொன்று, பெரிய சமூக வலைத்தளங்கள் பலவற்றில் கணக்குத் தொடங்கக் குறைந்தபட்ச வயது 13 என்று அவற்றின் விதிகளிலேயே இருக்கிறது, சில நாடுகளில் சட்டம் அதையும் உயர்த்தியிருக்கிறது. அதனால் "எல்லாரும் ஒரு சேனல் தொடங்குங்கள்" என்று வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். வகுப்பின் படங்கள் வகுப்பிலேயே இருக்கட்டும்.

ஒரு குழுவில் 4 பேர். 6 பேர் ஆனால் இரண்டு பேர் சும்மா நிற்பார்கள், 2 பேர் என்றால் மைக் பிடிக்க ஆள் இருக்காது. 45 நிமிட வகுப்பில் படம் எடுக்க முடியாது; ஃபோனை எடுத்துக் கொடுத்து, இடம் போய்ச் சேர்ந்து, திரும்பி வருவதற்குள் மணி அடித்துவிடும். அடுத்தடுத்த இரண்டு பீரியடைச் சேர்த்து வாங்க முடியுமா என்று கேளுங்கள், முடியாவிட்டால் வாரத்தில் ஒரு நாள் பள்ளி முடிந்த பிறகு. பிள்ளைகளின் சொந்த ஃபோன்கள் வேண்டாம், படம் எங்கே போகிறது என்று உங்களால் கண்காணிக்க முடியாது. சிம் இல்லாத பழைய ஃபோன்களை வகுப்புக்கென்று ஒதுக்குங்கள், அவற்றில் வேறு எந்தக் கணக்கும் லாகின் ஆகியிருக்கக் கூடாது.

முதல் வகுப்பில் கேமராவே வேண்டாம்

பிள்ளைகள் கேமராவைத் தொடத் துடிப்பார்கள். இருந்தாலும் முதல் வகுப்பு பார்ப்பதற்கு மட்டும். 30 விநாடி விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதில் தற்செயலாக எதுவுமே இருக்காது, ஒவ்வொரு விநாடிக்கும் யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள். அதை மூன்று தடவை போடுங்கள். முதலில் சாதாரணமாக. இரண்டாவது தடவை ஒலியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு முறை காட்சி மாறும்போதும் மேசையில் ஒரு தட்டு தட்டச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே தொடங்குவார்கள், பாதியில் கை வலிக்கும், அரை நிமிடத்துக்குள் இத்தனை வெட்டா என்று அவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும், இதுவரை ஒரு வெட்டைக்கூடக் கவனித்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைக்கும். மூன்றாவது தடவை திரையை மூடிவிட்டு ஒலி மட்டும். எந்த இடத்தில் இசை மாறுகிறது, அந்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள்.

அதற்குப் பிறகு நான்கே கேள்விகள், ஆண்டு முழுக்க இதே நான்கு: இதை யார் செய்தார்கள்? செலவு யாருடையது? நம்மை என்ன செய்யவைக்கப் பார்க்கிறது? எது காட்டப்படவில்லை? நான்காவதுதான் கடினம், பதில் வர நேரமாகும், பேசாமல் காத்திருங்கள். இதை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகளின் சொந்தப் படங்களுக்கும் இதே நான்கு கேள்விகள் பின்னால் வரும்.

விளம்பரத்தையும் செய்தியையும் பிரித்துப் பார்ப்பதெல்லாம் தெரிந்த விஷயம்தானே என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்று 2016-இல் வெளியிட்ட முடிவில், நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், விளம்பரதாரர் காசு கொடுத்து வெளியிட்டது என்று குறிப்பிட்டிருந்த ஒரு கட்டுரையை உண்மையான செய்தி என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பகல் முழுக்க ஃபோன் பார்க்கும் தலைமுறை என்பதால் ஃபோனைப் புரிந்துகொண்ட தலைமுறை என்று ஆகிவிடாது.

ஃப்ரேமுக்கு வெளியே என்ன இருக்கிறது

இரண்டாவது வகுப்புக்கு ஆளுக்கு ஒரு அட்டைத் துண்டு, நடுவில் செவ்வகமாக ஒரு ஓட்டை. அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பள்ளியைச் சுற்றி வரட்டும். அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் நிறையத் தெரியும், தள்ளிப் பிடித்தால் கொஞ்சமாகத் தெரியும், லாங் ஷாட்டையும் குளோஸ்-அப்பையும் இதைவிட எளிதாகச் சொல்லிக்கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. பிறகு ஃபோனைக் கொடுங்கள். வேலை இதுதான்: ஒரே இடம், ஒரே நேரம், இரண்டு ஃபோட்டோ. ஒன்றில் இந்த இடம் கூட்டமாகத் தெரிய வேண்டும், மற்றதில் வெறிச்சோடித் தெரிய வேண்டும். யாரையும் நகர்த்தக் கூடாது, ஃபோட்டோவை மாற்றி எடிட் செய்யக் கூடாது.

செய்துவிடுவார்கள். தூரத்தில் நின்று ஜூம் செய்து எடுத்தால் 15 பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி தெரியும், உயரமான இடத்திலிருந்து எடுத்தால் அதே 15 பேருக்கு நடுவே இருக்கும் இடைவெளி தெரிந்துவிடும். இரண்டு ஃபோட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இதில் எது பொய் என்று கேளுங்கள். எதுவும் பொய்யில்லை, இருந்தாலும் இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை. இந்தக் குழப்பத்தில் அவர்களைக் கொஞ்ச நேரம் விட்டுவைக்க வேண்டும். நீங்கள் அவசரப்பட்டு விளக்கம் சொன்னால் வகுப்பு அங்கேயே முடிந்துவிடும்.

இந்த இடத்தில் சொல்ல அருமையான ஒரு கதை உண்டு, அதுவும் பிள்ளைகளே செய்தது. 1917-இல் இங்கிலாந்தின் காட்டிங்லி என்ற ஊரில் 16 வயது எல்சி ரைட்டும், அவளுடைய உறவுக்காரச் சிறுமி, 9 வயது பிரான்சிஸ் கிரிஃபித்ஸும், ஓடைக்கரையில் தேவதைகளோடு இருக்கும் ஃபோட்டோ எடுத்தார்கள். காகிதத்தில் வரைந்து வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்திய தேவதைகள். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் அதை நம்பி 1920-இல் பத்திரிகையில் எழுதினார். அவை காகித உருவங்கள்தான் என்று அந்த இருவரும் ஒப்புக்கொண்டது 1983-இல், கிழவிகளான பிறகு. துப்பறியும் கதை எழுதியவரே ஏன் ஏமாந்தார் என்று வகுப்பில் கேளுங்கள். டாயில் ஆவி உலகத்தில் ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர், அந்த ஃபோட்டோ அவர் நம்ப விரும்பியதைக் காட்டியது. கண்ணை ஏமாற்றுவதற்கு அத்தனை பெரிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை என்பதும், நாம் எதை நம்பத் துடிக்கிறோமோ அதைத்தான் அதிகமாகச் சரிபார்க்க வேண்டும் என்பதும் பிள்ளைகள் வாயிலிருந்தே வரும்.

ஒரே முகம், மூன்று மனநிலை

இது அடுத்த வகுப்பு. நூறு வருடங்களுக்கு முன்னால் லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர், உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி என்று வெவ்வேறு காட்சிகளுக்குப் பக்கத்தில் வைத்து ஒட்டினார். பார்த்தவர்கள் அவர் முகத்தில் பசியைப் பார்த்தார்கள், துக்கத்தைப் பார்த்தார்கள். முகம் ஒன்றேதான். எடிட்டிங்கைப் பற்றி இதைவிட அடிப்படையான பாடம் கிடையாது.

உங்கள் வகுப்பில் இதைச் செய்ய அரை மணி நேரம் போதும். ஒரு பிள்ளை எதையோ பார்த்துக்கொண்டு 10 விநாடி சும்மா இருக்கட்டும், நடிக்கவே கூடாது, அதுதான் நிபந்தனை. பிறகு தனித்தனியாக மூன்று ஷாட்: மதிப்பெண் எழுதிய விடைத்தாள், தரையில் கிடக்கும் உடைந்த பொருள் ஒன்று, தூங்கும் பூனையோ நாயோ எது கிடைக்கிறதோ அது. முகம், பொருள், மறுபடியும் முகம் என்று மூன்று துண்டுகளை அடுத்தடுத்து வைத்தால் ஒரு குட்டிப் படம். மூன்று குட்டிப் படங்களை, இந்தப் படப்பிடிப்பைப் பார்க்காத வேறொரு வகுப்புக்குத் தனித்தனியாகப் போட்டுக் காட்டி, அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறது என்று எழுதி வாங்குங்கள். பதில்களைப் படிக்கும்போது உங்கள் மாணவர்களின் முகத்தைப் பாருங்கள், ஏனென்றால் அந்த முகத்தில் ஒன்றும் இல்லை என்பது இவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

படம் எடுக்கும்போது

இங்கே நிறையச் சொல்லத் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்: ஃபோனின் லென்ஸைத் துணியால் துடை, ஏர்ப்ளேன் மோடில் போடு, படுக்கை வாக்கில் பிடி. ஒவ்வொரு ஷாட்டையும் மனதுக்குள் 10 எண்ணும்வரை அசையாமல் எடு. நடந்துகொண்டே எடுக்காதே, ஜூம் வேண்டாம், கிட்டே போ. ஒரே விஷயத்தைத் தூரத்திலிருந்து, நடுவிலிருந்து, மிகக் கிட்டத்திலிருந்து என்று மூன்று தடவை எடு. இந்த மூன்று இல்லாமல் திரும்பி வருகிற குழுவுக்கு எடிட்டிங்கில் வெட்டுவதற்கு எதுவுமே இருக்காது. ஆளின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துவிடும், அவரையே ஜன்னலைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினால் பிரச்சினை தீர்ந்தது. இரண்டு பேர் பேசும்போது, ஒருவரிடமிருந்து மற்றவர்வரை தரையில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமராவை அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வைத்திருக்க வேண்டும், தாண்டினால் வெட்டி ஒட்டிய பிறகு இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஒலிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கொஞ்சம் மங்கலான படத்தைப் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேசுவது கேட்காவிட்டால் ஒரு நிமிடம்கூட உட்கார மாட்டார்கள். தனி மைக் இல்லாவிட்டால் இரண்டாவது ஃபோனை ஒலிப்பதிவுக் கருவியாக்குங்கள்: ரெக்கார்டரை ஓடவிட்டு, பேசுபவரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் ஃப்ரேமுக்கு வெளியே பிடிக்கச் சொல்லுங்கள். தொடங்கும்போது கேமரா முன்னால் ஒரு கைதட்டல். அந்தத் தட்டலின் சத்தத்தையும் கைகள் சேரும் காட்சியையும் எடிட்டிங்கில் பொருத்திவிட்டால் ஒலியும் படமும் ஒன்றாகிவிடும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல், நகராமல், அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் 30 விநாடி பதிவு செய்யுங்கள், வெட்டுகளுக்கு நடுவே விழும் ஓட்டைகளை இதை வைத்துத்தான் நிரப்ப முடியும். 20 பிள்ளைகளை 30 விநாடி அமைதியாக இருக்க வைப்பது கடினம்தான், ஆனால் காரணம் தெரிந்தால் இருப்பார்கள்.

ஃபோன் கேமராவின் செட்டிங்கில் தரம் 1080பி, விநாடிக்கு 30 ஃப்ரேம் (தனித்தனிப் படம்), இதற்கு மேல் வைக்காதீர்கள். இதுவே ஃபோனைப் பொறுத்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 130 எம்பி எடுத்துக்கொள்ளும். 4கே-வில் எடுத்தால் பழைய கம்ப்யூட்டர் திணறும், பாதி வகுப்பு காத்திருப்பதிலேயே போகும்.

எதைப் பற்றி எடுப்பது

பிள்ளைகளிடம் விட்டால் முதலில் வருவது விழிப்புணர்வுக் குறும்படம்தான்: ஒருவன் தப்பு செய்வான், சோகமான இசை ஓடும், கடைசியில் திரையில் ஒரு அறிவுரை. தயவுசெய்து இதை ஊக்குவிக்காதீர்கள். பதில் முன்கூட்டியே தெரிந்த விஷயத்தைப் படமாக்கும்போது யாரும் எதையும் தேடிப் போக வேண்டியதில்லை, கேட்க வேண்டியதில்லை, அதனால் கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. அதற்குப் பதிலாக, அவர்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வியில் தொடங்குங்கள். நம் பள்ளியில் குப்பையில் விழும் காகிதம் எங்கே போகிறது? மணி அடிப்பது யார், அவர் நேரத்தை எதை வைத்துப் பார்க்கிறார்? நூலகத்தில் யாருமே எடுக்காத புத்தகம் எது? கேள்வி சிறியதாக, போய்ப் பார்த்துவிடக்கூடியதாக இருக்க வேண்டும். படம் ஒரு நிமிடம், அதற்கு மேல் ஒரு விநாடியும் கிடையாது. ஆண்டு முழுக்க உழைத்து 15 நிமிடப் படம் ஒன்று எடுப்பதை விட, ஒரு நிமிடப் படம் நாலைந்து எடுப்பது மேல், ஒவ்வொன்றிலும் முந்தையதைத் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கிறது.

பேட்டிக்குப் போகுமுன் கேள்விகளைச் சரிபாருங்கள். "உங்களுக்கு இந்த வேலை பிடிக்குமா?" என்று கேட்டால் "பிடிக்கும்" என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். "காலையில் வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்" என்றால் ஆள் பேசத் தொடங்குவார். அவர் பேசி முடித்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கள், அந்த மௌனத்துக்குப் பிறகுதான் பெரும்பாலும் நல்ல பதில் வரும். படம் எதற்காக, யார் பார்ப்பார்கள் என்பதைப் பேசுபவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவர் பெயரையும் எப்படி எழுத வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

எடிட்டிங் மேசையில்

இந்த வகுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

முதலில் காகிதம். எடுத்ததையெல்லாம் ஒருமுறை பார்த்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி, மேசையில் பரப்பி, வரிசையை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கட்டும். 4 பேரும் ஒரே நேரத்தில் கை வைக்கலாம் என்பதால் சண்டையும் இங்கேயே நடந்து முடிந்துவிடும். வரிசை முடிவான பிறகுதான் கம்ப்யூட்டர். ஷாட்கட், கேடென்லைவ், ஓப்பன்ஷாட் என்ற எடிட்டிங் மென்பொருள்கள் மூன்றும் இலவசம், கணக்குத் தொடங்கத் தேவையில்லை, படத்தின் மேல் தங்கள் முத்திரையைப் போடுவதுமில்லை. டாவின்சி ரிசால்வுக்கும் இலவசப் பதிப்பு உண்டு, ஆனால் அதற்கு வலுவான கம்ப்யூட்டர் வேண்டும். சில ஃபோன்கள் விநாடிக்கு இத்தனை ஃப்ரேம் என்று சீராக எடுக்காமல் கூட்டிக் குறைத்து எடுக்கும், அப்படிப்பட்ட ஃபைலைப் போட்டால் ஒலியும் படமும் விலகிக்கொண்டே போகலாம். ஷாட்கட் இதைக் கண்டுபிடித்து மாற்றித் தரட்டுமா என்று கேட்கும், சரி என்று சொல்லிவிடுங்கள்.

மவுஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் கற்றுக்கொள்வார். 10 நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கை மாறட்டும், கடிகாரம் வைத்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் வேகமாகச் செய்யத் தெரிந்த ஒருவரே கடைசிவரை உட்கார்ந்திருப்பார். படப்பிடிப்பிலும் இதே கவனம் வேண்டும். பையன்கள் கேமராவைப் பிடித்துக்கொண்டு பெண்பிள்ளைகளை முன்னால் நிற்கவைப்பது எத்தனையோ குழுக்களில் தானாக நடக்கும், நீங்கள் சுழற்சி முறையை எழுதிப் போட்டால்தான் அது மாறும்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் பயிற்சி. விருப்பப்பட்டு முன்வரும் ஒரு ஆசிரியரிடம், எதற்காக என்பதை முழுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு நிமிடப் பேட்டி எடுங்கள். தலைப்பு, வீட்டுப்பாடம் வேண்டுமா வேண்டாமா. இரு பக்க நியாயத்தையும் அவர் பேசட்டும். அதே ஃபைலை இரண்டு குழுக்களுக்குக் கொடுங்கள். ஒரு குழு அவரை வீட்டுப்பாடத்தின் தீவிர ஆதரவாளராகக் காட்டும் 20 விநாடிப் படம் செய்ய வேண்டும், மற்றக் குழு அவரையே தீவிர எதிர்ப்பாளராக. புதிதாக ஒரு வார்த்தையும் சேர்க்கக் கூடாது. வெட்டின இடத்தில் முகம் சட்டென்று துள்ளுவதைப் பார்த்துவிட்டு, அதை மறைக்க மேலே ஒரு கையையோ புத்தகத்தையோ காட்டும் ஷாட்டை வைக்கலாம் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். தொலைக்காட்சிப் பேட்டிகளில் திடீரென்று மேசையும் கையும் காட்டப்படுவதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம் என்பது அவர்களுக்கு இனிமேல் மறக்காது. இரண்டு படங்களையும் அந்த ஆசிரியரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். தன் வாயால் சொன்ன வார்த்தைகளே தனக்கு எதிராக நிற்பதைப் பார்த்து அவருக்கு எப்படி இருந்தது என்று அவர் சொல்லட்டும். அப்புறம் முழுப் பேட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, இந்த இரண்டு படங்களையும் எல்லோர் முன்னிலையிலும் அழித்துவிடுங்கள்.

அடுத்ததாக மூன்றாவது பதிப்பு: அவர் உண்மையில் என்ன சொன்னாரோ அதற்கு நியாயமாக இருக்கும் 20 விநாடி. இது முந்தைய இரண்டையும் விடக் கடினம். எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும், எதை விட்டால் அவர் சொன்னது மாறாது? இந்த விவாதம் முடியும்போது வகுப்பு தனக்கென்று விதிகளை எழுதிக்கொள்ளட்டும். கேள்வியையும் வேறொரு பதிலையும் சேர்த்து ஒட்டக் கூடாது, "ஆனால்" என்று தொடங்கும் பாதியை வெட்டக் கூடாது என்கிற மாதிரி அவர்களே சொல்வார்கள். நீங்கள் எழுதிக்கொடுத்த விதியை விட அவர்கள் எழுதிய விதிக்கு மதிப்பு அதிகம்.

இசையைக் கடைசியாகச் சேர்க்கவும், இசையே இல்லாமல் படம் நிற்கிறதா என்று பார்த்த பிறகு. இணையத்தில் கிடைக்கும் பாட்டை எடுத்துப் போடக் கூடாது. 2002-இலிருந்து வழக்கத்தில் இருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்லுங்கள்: உருவாக்கியவர் பெயரைக் குறிப்பிட்டால் பயன்படுத்தலாம், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றக் கூடாது என்று அவற்றில் வகைகள் உண்டு. பிள்ளைகளின் படத்துக்கும் அவர்கள்தான் உரிமை உள்ளவர்கள் என்று சொன்னால் ஆர்வமாகக் கேட்பார்கள்.

சரிபார்க்கும் பழக்கம்

எடிட்டிங் தெரிந்த பிறகு இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் சரியான வரிசை. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த சாம் வைன்பர்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 10 வரலாற்று அறிஞர்கள், 10 உண்மை சரிபார்ப்பவர்கள், 25 கல்லூரி மாணவர்கள் இணையதளங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று கவனித்தார்கள். அறிஞர்களும் மாணவர்களும் ஒரு தளத்துக்குள்ளேயே உட்கார்ந்து மேலிருந்து கீழாகப் படித்து, நல்ல லோகோவையும் நேர்த்தியான வடிவமைப்பையும் பார்த்துப் பலமுறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தத் தளத்தை விட்டு உடனே வெளியே வந்து, புதிய டேப் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். அவர்களுக்குக் குறைந்த நேரத்தில் சரியான விடை கிடைத்தது. உற்றுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று நாம் சொல்லிவந்ததற்கு நேர் எதிரானது இது, அதனால்தான் இதைப் பழக வேண்டியிருக்கிறது.

வகுப்பில் செய்ய, இணையத் தகவல்களைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுக்கும் மைக் கால்ஃபீல்டு 2019-இல் வகுத்த நான்கு படிகள் வசதியானவை: நில், வெளியிட்டது யார் என்று பார், இதே விஷயத்தை நம்பகமான வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடு, முதன்முதலில் வெளிவந்த இடம்வரை பின்னால் போ. வீடியோவுக்கு நான்காவது படிதான் அதிகம் உதவும். வீடியோவை நிறுத்தி, தெளிவான ஒரு ஃப்ரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸிலோ டின்ஐ (TinEye) தளத்திலோ கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். பல தடவை விடை இதுதான்: வீடியோ உண்மையானது, ஆனால் பல வருடங்களுக்கு முன்னால் வேறு ஊரில் எடுத்தது, அதோடு எழுதி அனுப்பும் வரி மட்டும் புதிது. செயற்கை நுண்ணறிவு செய்த போலிகளைப் பற்றிப் பிள்ளைகள் நிறையக் கேட்பார்கள், அதுவும் முக்கியம்தான். விரல்களை எண்ணு, கண் இமைப்பதைப் பார் என்கிற மாதிரி அடையாளங்களை மட்டும் சொல்லிக்கொடுத்து விட்டுவிடாதீர்கள், அந்தக் குறைகளை அடுத்தடுத்த மென்பொருள்கள் சரிசெய்துகொண்டே வருகின்றன. யார் வெளியிட்டார்கள், வேறு யார் பார்த்தார்கள் என்ற கேள்விகளுக்கு அப்படி வயதாவதில்லை.

ஒரு எச்சரிக்கை. இப்படி வகுப்பு வகுப்பாக ஏமாற்று வேலைகளையே காட்டிக்கொண்டிருந்தால் சில பிள்ளைகள் "அப்போ எல்லாமே பொய்தான்" என்ற இடத்துக்குப் போய்விடுவார்கள். அது புத்திசாலித்தனம் மாதிரி தெரியும், உண்மையில் ஆபத்து. எதையுமே நம்பாதவன் கடைசியில் தனக்குப் பிடித்ததை மட்டும் நம்புவான். அதனால் சரிபார்க்கக் கொடுக்கும் வீடியோக்களில் பாதிக்கு மேல் உண்மையானவையாக இருக்கட்டும். "இது உண்மை, நான் இப்படித்தான் உறுதிசெய்தேன்" என்று சொல்லும் பிள்ளைக்கு, போலியைப் பிடித்த பிள்ளைக்குக் கொடுக்கும் அதே பாராட்டு கிடைக்க வேண்டும். ஒரு செய்தியாளர் தன் தவற்றைத் திருத்தி வெளியிட்டிருக்கும் செய்தி ஒன்றையும் காட்டுங்கள், திருத்தம் போடும் இடத்தை ஏன் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம் என்று பேசுங்கள்.

திரையிடல், மதிப்பெண்

படம் ஓடி முடிந்ததும் எடுத்தவர்கள் பேசக் கூடாது. பார்த்தவர்கள்தான், தங்களுக்கு என்ன புரிந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். "நாங்க சொல்ல வந்தது அது இல்ல" என்று குழு துடிக்கும், துடிக்கட்டும், அதைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த வகுப்பில் திருத்தட்டும். பிறகு சுவரில் இருக்கும் அந்த நான்கு கேள்விகள், "எது காட்டப்படவில்லை" உட்பட. திருத்திய பதிப்பைத்தான் வெளியாட்களுக்குக் காட்ட வேண்டும், பேட்டி கொடுத்தவருக்கு முதலில்.

மதிப்பெண் போட்டே ஆகவேண்டிய பள்ளி என்றால் படத்தின் பளபளப்புக்குப் போடாதீர்கள், வீட்டில் நல்ல கம்ப்யூட்டர் இருப்பவருக்குத்தான் அது போகும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் எழுதட்டும்: நான் எடுத்த ஒரு முடிவு, ஏன் எடுத்தேன், வேறு எப்படி எடுத்திருக்கலாம், நாங்கள் வெட்டி எறிந்ததில் எனக்கு உறுத்துவது எது. அதற்குப் போடுங்கள்.

கடைசியாக ஃபைல்கள். முடிந்த படங்களையும் பிராஜெக்ட் ஃபைல்களையும் இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள். எடுத்த மற்ற காட்சிகளை எப்போது அழிப்பது என்று வகுப்போடு பேசித் தேதி குறியுங்கள், அனுமதிக் கடிதத்திலும் அந்தத் தேதி இருக்கட்டும், அன்றைக்கு அழித்துவிட்டுப் பெற்றோருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.